மகம் நட்சத்திரத்தில் பிறந்த கார்

பெங்களூரில் ஜோகுபாளையத்துக்குப் பின்புறம், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு மண் மைதானம். 2004ஆம் ஆண்டு, ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே நீளமாக ஒரு வரிசை நின்றது. ரேஷன் வரிசை அல்ல. ரேஷனுக்கு நிற்கிறவர்கள் இவ்வளவு நல்ல செருப்புப் போடுவதில்லை. நின்றவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. விடுமுறை நாளிலும் கழற்ற மனம் வரவில்லை போலும். ஒவ்வொருவர் கையிலும் டவலில் சுற்றிய ஒரு பொம்மைக் கார். கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வந்தவர்கள் மாதிரி மார்போடு அணைத்திருந்தார்கள்.

பொம்மை என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். ரிமோட் கார் என்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. முழங்கை நீளம், முள் முள்ளாக ரப்பர் சக்கரம். மண் மேட்டில் விட்டால் ஏறித் தாவும். தாவுவதில் குறை இல்லை, இறங்குவதில்தான் குறை. காரோடு வரும் ஷாக் அப்சார்பர் என்பது ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஒரு ஸ்பிரிங்கும்தான். இறங்கிய கார் தவளை மாதிரி எகிறி எகிறி, மல்லாந்து விழுந்து, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு கிடக்கும்.

இதற்கு வைத்தியம் ரகசியம் ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு அலுமினிய ஷாக் மாட்டி, அதற்குள் எண்ணெய் ஊற்றுவார்கள். எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு சின்ன வில்லை மேலும் கீழும் போகும். ஓட்டை வழியாக எண்ணெய் மெதுவாகத்தான் நுழைய முடியும். அதனால் கார் எகிறாமல் அமர்ந்து எழும். இவ்வளவுதான் சங்கதி. சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவனின் முழங்காலும் நாள் முழுக்க இந்த வேலையைத்தான் செய்கிறது. அந்த முழங்காலுக்கு யாரும் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

காருக்குப் பார்த்தார்கள்.

பார்த்தவர் பெயர் சேஷகிரி. வரிசையின் மறுமுனையில், மடக்கு நாற்காலியில், காவித் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். சில வருடங்களுக்கு முன்பு டேப் ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தவர். டேப் ரிக்கார்டர் போய்விட்டது, பெல்ட்டும் போய்விட்டது. மக்களின் நம்பிக்கை மட்டும் தேயாமல் இருந்தது. அதை எடுத்துப் பிழைக்க வந்துவிட்டார்.

வரிசையில் முன்னால் வந்தவனுடைய காரை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடினார்.

“எப்ப பொறந்தது?”

“போன ஜூன்ல வாங்கினேன் சாமி.”

“வாங்கினது வேற, பொறந்தது வேற. முதல் முதலா பேட்டரி போட்டீங்களே, அந்த நேரம் சொல்லுங்க.”

அவனுக்கு நினைவில்லை. அவமானமாகப் போய்விட்டது. சிங்கப்பூரில் இருந்த மச்சானுக்கு வரிசையில் நின்றபடியே போன் போட்டு, கடைக்காரன் காரை ஓட்டிக் காட்டிய நாளையும் நேரத்தையும் விசாரித்தான். சேஷகிரி விரல் கணுக்களில் கணக்குப் போட்டார். மகம் நட்சத்திரம் என்றார். மகம் என்றால் கெட்டி எண்ணெய். பரணி என்றால் இளக்கமான எண்ணெய். கேட்டை என்றால் முதலில் ஒரு பரிகாரம், அப்புறம்தான் எண்ணெய். சின்னச் சின்னப் பாட்டில்கள், மூடி மேல் குங்குமம், உள்ளே பச்சை நிறத்தில் மந்திரித்த ஷாக் எண்ணெய். திறந்தால் ஜவ்வாது வாசனை மைதானத்தைத் தூக்கும். காணிக்கையைத் தட்டில் போட வேண்டும். கையில் வாங்க மாட்டார். அவருக்குப் பணத்தில் ஆசை கிடையாது.

ஆயுத பூஜைக்குக் காருக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். காரைவிடக் கன்று பெரிதாக இருந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கினால்தான் பூஜை பூர்த்தி என்று பழத்தின் மேல் ஏற்றினார்கள். பழம் நசுங்கவில்லை, கார் கவிழ்ந்தது. சாமியிடம் ஓடினார்கள். சின்ன வண்டிக்கு திராட்சை போதும் என்று சாமி சலுகை கொடுத்தார். பட்டம் வாங்கிய இத்தனை பேரும் மண்டி போட்டு உட்கார்ந்து, சக்கரத்துக்கு அடியில் ஒவ்வொரு திராட்சையாக வைத்தார்கள்.

இந்தப் பக்தி சும்மா வரவில்லை. கோடையில் சேஷகிரி முதல் முதலாக வந்தபோது அந்த மைதானத்தில் எல்லாமே எண்ணெய் இல்லாத பிளாஸ்டிக் ஷாக். அவரே நாலு அலுமினிய ஷாக் கொண்டுவந்து, அவர் எண்ணெயை ஊற்றி, மந்திரம் சொல்லி, ஒரு காரில் மாட்டினார். கார் தாவி, பூனை மாதிரி இறங்கியது. கூட்டம் கை தட்டியது. ஷாக்கை மாற்றியதும், எண்ணெய் ஊற்றியதும், மந்திரம் சொன்னதும் ஒரே நேரத்தில் நடந்தன. எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா? பார்க்கவில்லை. மூன்றில் எது ஒன்றும் செய்யாததோ அதற்குத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கூட்டத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத ஒருத்தி இருந்தாள். பெயர் பிரபா. ஊர் ஆம்பூர்ப் பக்கம். அவள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தாள். பிறர் “வேலை செய்கிறது” என்று சொன்னால் “எங்கே, காட்டு” என்று கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அவள் புருஷன் தருண் கார்ப் பைத்தியம். சேஷகிரிக்கு முதல் சீடன். அவனும் வாரம் முழுக்க கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுகிறவன்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்தேகத்தை ஆபீஸ் மேஜையில் பூட்டிவிட்டு வந்துவிடுவான்.

டிசம்பர் வந்தது. மாதக் கடைசியில் கம்பெனிகளுக்குள் ஒரு கோப்பைப் பந்தயம் என்று கமிட்டி அறிவித்தது. கமிட்டித் தலைவர் சீனிவாசராகவன், ஒரு கம்பெனியில் மேனேஜர், வழுக்கைத் தலை, மரியாதைப்பட்ட மனிதர். சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்பதால் ஓட்டத்தைக் காலைக்கு மாற்றினார். பெங்களூரில் டிசம்பர் காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் புகை வரும்.

காலையில் வந்தால்தான் அந்த மைதானத்தில் சொர்ணத்தைப் பார்க்க முடியும். வாசலுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, வண்டியின் தட்டியில் ஒரு புத்தர் படம். விடியலில் வந்து, நடக்க வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் விற்றுவிட்டு, வெயில் ஏறியதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். பல வருடமாக அதே இடம். அந்த வாசலும் அந்த அடுப்பும்தான் அவள் சாப்பாடு. புருஷன் சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் செத்தவன்.

முதல் காலை ஓட்டத்திலேயே ஊர் சிரித்தது. ஒரு கார்கூட ஒழுங்காக இறங்கவில்லை. செங்கல்லைத் தூக்கிப் போட்டது மாதிரி டொக்கென்று விழுந்தன. ஷாக்கைக் கையால் அமுக்கினால் இறங்கவே இல்லை, மரக்கட்டை. சில கார்களில் சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்தது. தருணின் கார் மூக்குக் குத்தி விழுந்து மேல் ஓடு பிளந்தது. ஆனால் உச்சி வெயில் வந்ததும் எல்லாக் கார்களும் பழையபடி பூனையாகிவிட்டன.

சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள். சேஷகிரி கண்ணை மூடினார். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அடுப்புக்கு முன்னால் நின்றவளைப் பார்த்தார்.

சாயங்கால ஓட்டத்தில் தோஷம் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றார்கள். சாயங்காலம் அந்தப் பெண் இங்கே இருந்தாளா? இல்லை. காலையில் தோஷம் இருக்கிறதா? இருக்கிறது. அவள் இருக்கிறாளா? இருக்கிறாள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் தோஷம் போனதா இல்லையா?

போனது. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. இவ்வளவு கச்சிதமான கணக்கை அவர்கள் ஆபீஸில்கூடப் பார்த்ததில்லை.

“புருஷனை முழுங்கின கண்ணு,” என்றார் சேஷகிரி. “வாசல்ல நெருப்பு மூட்டிக்கிட்டு நிக்குது. ஷாக் இறுகாம என்ன செய்யும்?”

சொர்ணத்திடம் போய்ச் சொல்கிற வேலை சீனிவாசராகவனுக்கு வந்தது. படித்தவர் அல்லவா, நயமாகச் சொன்னார். தப்பாக நினைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர வேண்டாம், கோப்பை முடியட்டும், அப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு வியாபாரமே. அப்புறம் வேறு இடம் என்றால் என்ன அர்த்தம் என்பது அவளுக்கு ஒரு தரம் சொன்னாலே புரியும்.

அவள் பாலை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரு செத்தது குழில இறங்கி, சார். இறக்கிவுட்ட காண்ட்ராக்டர் கண்ணு யாரு மேலயும் படல. எங்கண்ணு மட்டும் உங்க பொம்மை மேல பட்டுடுச்சா?”

சீனிவாசராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மீட்டிங் இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு சொர்ணம் இல்லை. அவள் வண்டி நின்ற இடத்தில் சேஷகிரி ஹோம குண்டம் வைத்திருந்தார். எல்லாக் கார்களையும் குண்டத்தைச் சுற்றி, நெருப்புக்குப் பக்கத்தில் வட்டமாக அடுக்கச் சொன்னார். நெய்யும் சமித்தும் போட்டு நெடுநேரம் மந்திரம் ஓதினார். பிறகு ஓட்டினார்கள். கார்கள் பூனை மாதிரி இறங்கின. பேச என்ன இருக்கிறது? விதவை போனாள், தோஷம் போனது. கமிட்டி அங்கேயே கூடி, சொர்ணத்துக்கு இனி அந்த மைதானத்தில் இடம் இல்லை என்று முடிவு செய்தது. கை தூக்காதவள் பிரபா ஒருத்தி. அவளுக்குக் கமிட்டியில் ஓட்டு இல்லை.

மறுநாள் காலை பிரபா பால்கனிக்குத் துணி காயப்போடப் போனாள். தருணின் கார் அங்கே ஸ்டூல் மேல் இருந்தது. சும்மா ஒரு விரலால் அமுக்கினாள். மரக்கட்டை.

உள்ளே வந்து புருஷனைக் கேட்டாள்: “தருண், நேத்து ராத்திரி சொர்ணக்கா நம்ம பால்கனிக்கு வந்தாங்களா?”

“காலைலயே ஆரம்பிக்காதே.”

“இல்ல, ஷாக் மறுபடியும் இறுகிக் கிடக்கு. நேத்துதானே ஹோமம் பண்ணினீங்க?”

“கண்ணு பட்டா வீடு வரைக்கும் கூட வரும். சாமி அப்பவே சொன்னாரு.”

“சரி, அடுப்பை அணைச்சிட்டு வா, ஆபீசுக்கு நேரமாச்சு.”

அடுப்பு எதற்கு எரிந்தது? டிசம்பரில் பெங்களூர் வீடுகளில் எல்லாக் காலையிலும் எரிகிற காரணத்துக்குத்தான். அவன் தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்துவிட்டுக் காத்திருந்தான். பிரபா அந்தப் பாட்டிலைப் பார்த்தாள். பால்கனியைப் பார்த்தாள். மறுபடியும் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் ஒன்றும் பேசவில்லை. தருண், மனைவிக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

கோப்பை ஞாயிறு வந்தது. நல்ல குளிர். ஊர்ப்பட்ட கூட்டம், ஒலிபெருக்கி, ஒரு பக்கம் இட்லிக் கடை. சேஷகிரி ஹோம குண்டத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போது பிரபா வாசல் வழியாக வந்தாள். அவளுக்குப் பின்னால் சொர்ணம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் பாதி பேர் கார்களை டவலால் மூடினார்கள்.

சீனிவாசராகவன் வேகமாக வந்தார். பிரபா அவரிடம் சண்டை போடவில்லை. சாமியின் சக்தியை எல்லோரும் கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை, அவ்வளவுதான் என்றாள். சோதனை என்றால் கம்பெனிக்காரர்களுக்கு மறுக்கத் தெரியாது. அந்த வார்த்தையைக் கேட்டதும் தலை தானாக ஆடிவிடும்.

சோதனை இதுதான். இரண்டு கார்கள், ஒன்று தருணுடையது, ஒன்று சீனிவாசராகவனுடையது. இரண்டிலும் சாமி மந்திரித்துக் கொடுத்த எண்ணெய். இரண்டும் இப்போது மரக்கட்டை; எல்லோரும் அமுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். தலைவரின் காரைச் சாமி நிழலில் வைத்துக்கொண்டு எந்த மந்திரம் வேண்டுமானாலும் ஓதட்டும். நெருப்பு மட்டும் கூடாது. தருணின் காரை சொர்ணம் அடுப்பருகே வைத்துக்கொண்டு, டீ போட்டபடி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். மந்திரம் கூடாது.

சேஷகிரிக்கு முகம் கறுத்தது. நெருப்பு இல்லாமல் மந்திரம் ஏறாது என்றார்.

“எண்ணெயை மந்திரிச்சப்ப நெருப்பு வெச்சீங்களா?” என்று பிரபா கேட்டாள். “கோடைல, இதே இடத்துல, எல்லாரும் பாத்தாங்களே. வாயாலதானே ஓதினீங்க?”

கூட்டம் சாமியைப் பார்த்தது. எதிர்த்து அல்ல, ஆவலோடு. பாவம், அவர்களுக்கு ஒரு அற்புதம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆவல்தான் அவரை மாட்டிவைத்தது. தட்டிக்கழித்தால் கூட்டம் கலையும். உட்கார்ந்தார்.

ஓதினார். நன்றாகவே ஓதினார், குறை சொல்ல முடியாது. நெற்றி வேர்த்தது. அந்தக் குளிரில் அங்கே வேர்த்தது அவர் ஒருவருக்குத்தான். வாசலில் சொர்ணம் அடுப்பை ஏற்றி, காரைத் திருப்பித் திருப்பி வைத்து, அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருவருக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தாள். டீ வாங்கியவரிடம் மட்டும் ஒரு நொடி கண்ணைத் திருப்பினாள். அதைக்கூடச் சாமியின் சீடன் ஒருவன் ஆட்சேபித்தான், கண் எடுத்துவிட்டாளாம்.

பிரபா இரண்டு கார்களையும் வாங்கினாள். இடுப்பு உயரத்திலிருந்து முதலில் சாமி ஓதிய காரை விட்டாள்.

டொக்.

பிறகு சொர்ணம் பார்த்த காரை விட்டாள். அது விழுந்தது, பதமாக அமர்ந்தது, சத்தமில்லாமல் எழுந்து நின்றது.

ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

பிரபா சாமி ஓதிய காரில் ஒரு ஷாக்கின் மூடியைத் திருகித் திறந்து, கூட்டத்தின் முன்னால் கவிழ்த்தாள். சொட்டு விழவில்லை. உள்ளே மெழுகு மாதிரி, பச்சையாக, கெட்டியாக ஒன்று உறைந்திருந்தது. தீக்குச்சியால் தோண்டி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். உருகியது. கையை எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினாள். ஜவ்வாது வாசனைக்கு அடியில் வேறு ஒரு வாசனை இருந்தது.

“இன்னைக்குக் காலைல தலைக்கு எண்ணெய் வெச்சவங்க யாராவது சொல்லுங்க,” என்றாள். “இது என்ன?”

எல்லோருக்கும் தெரியும். அன்று காலை எல்லோர் வீட்டிலும் அந்தப் பாட்டில் அடுப்போரம் நின்றிருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை. சொன்னால் இத்தனை மாதம் கையைக் கட்டி வரிசையில் நின்றதையும், திராட்சை நசுக்கியதையும் சேர்த்துச் சொன்ன மாதிரி ஆகிவிடும். கடைசியில் தருண்தான் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“தேங்கா எண்ணெய்.”

சேஷகிரி எழுந்தார். குளிரில் எந்த எண்ணெயும் உறையத்தான் செய்யும், அது இயற்கையின் லீலை என்றார். பிரபா பையிலிருந்து வேறு ஒரு பாட்டிலை எடுத்தாள். ஷாக்குக்கென்றே கடையில் விற்கிற எண்ணெய், மந்திரம் தெரியாதது, நட்சத்திரம் இல்லாதது. பால்கனியில் இரவெல்லாம் காரோடு கிடந்தது. கவிழ்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது.

“அப்ப ஹோமம்?” என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். நல்ல சம்பளம் வாங்குகிறவன்.

“அடுப்புதாம்பா,” என்றாள் சொர்ணம். “என்னை ஏன் தொரத்துனாருன்னு இப்பதான் புரியுது. ஒரே வாசல்ல ரெண்டு அடுப்பு எதுக்குன்னு இருந்திருப்பாரு.”

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு பரவியபோது சேஷகிரி தட்டிலிருந்த காசை மடியில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கோடையில் அவர் வந்தபோது அந்த ஸ்கூட்டர் பள்ளத்துக்குப் பள்ளம் கீச்சென்று கத்தும். இப்போது கத்தவில்லை. மைதானத்துப் பள்ளங்களில் அலுங்காமல் குலுங்காமல் போனது. பின்னால் புத்தம் புதிதாக ஒரு ஷாக் அப்சார்பர் பளபளத்தது. சிவாஜிநகர் மெக்கானிக் மாட்டியது. அதற்கு மந்திரித்த எண்ணெய் ஊற்றவில்லை. அந்த ஸ்கூட்டர் எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்றும் அவர் யாரையும் கேட்கவில்லை. உங்கள் வண்டிக்கு மந்திரம், தன் வண்டிக்கு மெக்கானிக். அந்த மைதானத்தில் பகுத்தறிவோடு நடந்துகொண்ட ஆண்பிள்ளை அவர் ஒருவர்தான்.

சீனிவாசராகவன் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவருக்கு எந்த மொழியிலும் உடனே வரவில்லை. வண்டி அங்கேயே நிற்கட்டும், கமிட்டி முடிவு ரத்து, ஞாயிற்றுக்கிழமையும் வரலாம் என்றார். ஏதோ தன் சொந்த நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுக்கிற மாதிரி சொன்னார். பிறகு ஒரு டீ கேட்டார்.

சொர்ணம் ஆற்றி, நுரை வரத் தூக்கி ஊற்றி, கிளாஸை நீட்டினாள். வாங்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. பழக்கம்.

“குடிங்க சார்,” என்றாள் அவள். “எங்கண்ணு பட்ட டீதான். இறுகாது.”

குடித்தார். இறுகவில்லை.

கோப்பையை யார் வாங்கினார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. கார்களை வரிசையாக அடுப்பருகே வைத்துக் காய்ச்சி, பழைய எண்ணெயை வடித்துவிட்டு, ஒரு வழியாக மத்தியானத்தில் ஓட்டினார்கள். புது எண்ணெய் ஊற்றும்போது ஒருவன் தயங்கி நின்று, இன்றைக்கு நாள் எப்படி என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். பக்கத்தில் இருந்தவன் காலண்டரைத் தேடினான்.

எண்ணெய் உறைந்தால் அடுப்போரம் வைத்தால் போதும், எல்லோருக்கும் தெரிகிறது. மூளை உறைந்தால் எங்கே கொண்டுபோய் வைப்பது? மந்திரித்துத் தர ஆள் வருவதற்குள், அவரவர் மூடியை அவரவரே ஒரு தரம் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.